கடைசிப் பெட்டிக்குச் சிவப்பு

நான் மலேசியாவில், லாபிஸில் பிறந்தவள். வீட்டுக்குப் பின்னாலேயே தண்டவாளம். இதைச் சொன்னால், அதனால்தான் உங்களுக்கு ரயில்மேல் ஆசை வந்ததா என்று கேட்கிறார்கள். இல்லை. சின்ன வயதில் ரயில் என்றால் கேட் மூடியிருக்கும், பள்ளிக்குத் தாமதமாகும், ஆசிரியை வெளியே நிற்கவைப்பார். அவ்வளவுதான். இன்றைக்கும் எனக்குப் பிடித்தது ரயில் அல்ல, அதற்குள்ளே நான் செய்கிற வேலை.

படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், படிப்பு நின்றுவிட்டது. உலு திராமுக்கு வந்து எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் சேர்ந்தேன். இருபத்திரண்டு வருடமாக அதே தொழிற்சாலை. இயந்திரம் சரியாகப் பற்றவைக்காமல் விட்ட இடங்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, கையால் ஈயம் வைத்துச் சரிசெய்வது என் வேலை. எள்ளைவிடச் சின்னப் பொருளை இடுக்கியால் பிடித்து, அதன் இரண்டு முனையிலும் ஈயம் வைக்க வேண்டும். என் கை நடுங்காது. ஆனால் நான்கு பேர் முன்னால் பேச வேண்டும் என்றால் குரல் நடுங்கும். ஒரு வருடம் ஆண்டு விருந்தில் சிறந்த தொழிலாளி என்று என் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த தோழியைப் போய் வாங்கிவரச் சொன்னேன். படத்திலும் அவள்தான் இருக்கிறாள்.

என் கணவர் நெடுந்தூரப் பேருந்து ஓட்டுகிறார். வடக்கே போகும்போது யோங் பெங்கில் ஓர் உணவகத்தில் பேருந்தை நிறுத்திப் பயணிகளைச் சாப்பிட விடுவார். அந்தக் கடையை நடத்துபவர் ஒரு தமிழ் முஸ்லிம். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கீழே ரொட்டி சானாய் புரட்டுகிற சத்தம். மாடியில், சாமான் அறையாக இருந்த இடத்தில், பாய் பலகை மேசை போட்டு ஜப்பானிய ரயில் பொம்மைகளை ஓட்டிக்கொண்டிருந்தார். பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வரும். “மாடல்னு சொல்லுங்க,” என்பார். உண்மையான ரயிலை நூற்றைம்பதில் ஒன்றாகச் சுருக்கியது. ஒரு பெட்டி என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். அதற்குள் இருக்கைகூட இருக்கும்.

ஒருநாள் ஓர் எஞ்சினில் விளக்கு எரியவில்லை என்று பாய் புலம்பியிருக்கிறார். என் கணவர் சும்மா இல்லாமல், “எங்க வீட்டுல கண்ணுக்குத் தெரியாததையே ஒட்டுறாங்க, இது என்ன பெரிசு,” என்று சொல்லிவிட்டு, எஞ்சினை மெல்லிய தாளில் சுற்றி, கறி ஊற்றுகிற பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்.

அப்படித்தான் தொடங்கியது. அந்த எஞ்சினைத் திறந்து பார்த்தபோது எனக்குள் ஏதோ திறந்தது என்றெல்லாம் எழுத மாட்டேன். சுத்தமான வேலை என்று நினைத்தேன். ஒவ்வொரு துண்டும் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு, திருகே இல்லாமல் நிற்கிறது. இதைச் செய்தவர்கள் அவசரப்படவில்லை என்று தெரிந்தது. விட்டுப்போயிருந்த ஓர் ஈயப் பற்றைச் சரிசெய்து அனுப்பினேன். அடுத்த வாரம் இரண்டு டப்பா வந்தது.

பிறகு பாய்க்கு டிகோடர் ஆசை வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாக இந்த ரயில்கள் தண்டவாளத்தில் மின்சாரம் கூட்டினால் ஓடும், குறைத்தால் நிற்கும். ரயில் நின்றால் விளக்கும் அணைந்துவிடும். டிகோடர் என்பது விரல் நகத்தில் பாதி அளவு இருக்கிற ஒரு சின்ன போர்டு. அதை ரயிலுக்குள் வைத்து ஓர் எண் கொடுத்துவிட்டால், கையில் இருக்கும் கண்ட்ரோலரில் அந்த எண்ணை அழைத்து, நீ போ, நீ நில், நீ விளக்கைப் போடு என்று தனித்தனியாகச் சொல்லலாம். ஒரே தண்டவாளத்தில் நான்கு ரயில் நின்றாலும் கூப்பிட்டது மட்டும்தான் நகரும். இதற்கென்றே இடம்விட்டுச் செய்த ரயில்களும் உண்டு. பாய் வைத்திருந்த பழைய ரயில்களில் இடம் இல்லை. நாம்தான் இடம் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜப்பானியர்கள் இணையத்தில் போட்ட காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். மொழி ஒரு சொல்லும் புரியவில்லை. கையை மட்டும் பார்த்தேன். எந்த விரலால் அழுத்துகிறார், எங்கே தயங்குகிறார், எதை இரண்டு முறை செய்கிறார். கைவேலைக்கு அது போதும். எண்களை மாற்றுகிற பகுதிதான் கஷ்டம். அதற்கு அகராதியும் பொறுமையும் வேண்டியிருந்தது. ஒரு டிகோடருக்குள் ஓர் எண்ணை எழுத மூன்று வாரக்கடைசிகள் போராடினேன். அந்தக் கதை கீழே வருகிறது.

ஐந்து எஞ்சின்கள் முடித்த பிறகு பாய் பெரிய பெட்டியைக் கொடுத்தனுப்பினார். புத்தகம் போலத் திறக்கிற உறை. உள்ளே எட்டுப் பெட்டி கொண்ட மின்சார ரயில், வெள்ளி நிறம், ஆரஞ்சுக் கோடு. தயாரிப்பு நின்றுபோனது. ஒன்று உடைந்தால் வேறு வாங்க முடியாது. பாய்க்கு ஜொகூர் பாருவில் இதே பைத்தியம் பிடித்த நண்பர்கள் இருந்தார்கள். அவர்களில் சிங்கப்பூரில் வேலை செய்கிற ஓர் இஞ்சினியர், இதைச் சிங்கப்பூர் கடையில் கொடுங்கள், இங்கே யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். பாய் கேட்கவில்லை. “உலு திராம்ல நம்ம தங்கச்சி இருக்கு. அது கை பட்டா போதும். ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க, ஓட்டிக் காட்டுறேன்,” என்று சொல்லிவிட்டார். அதை என் கணவர் வந்து என்னிடம் சொன்னார். என்னை ஒருமுறைகூட நேரில் பார்க்காத மனிதர் தன் வாக்கை என் மேல் வைத்துவிட்டார்.

இரண்டு மாதம், சனிக்கிழமை காலைகளில், சமையலறை மேசையில். எட்டுப் பெட்டிக்கும் உள்விளக்குப் பட்டை வைத்தேன். வெள்ளையாக எரிந்தால் மருத்துவமனை மாதிரி இருக்கிறது என்று மெல்லிய மஞ்சள் தாளை மேலே ஒட்டினேன். விளக்கு எரியும்போது பிளாஸ்டிக் சுவர் வழியாகவே வெளிச்சம் கசிந்தது; அப்படியிருந்தால் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். முகப்பின் உள்பக்கம் முழுக்கக் கறுப்புச் சாயம் பூசினேன். நடுவில் ஒரு பெட்டியில் மோட்டார், அங்கே ஒரு டிகோடர். இரண்டு ஓரப் பெட்டிகளிலும் ஓட்டுநர் அறை இருக்கிறது, அங்கே விளக்குக்கு மட்டும் ஒவ்வொரு சின்ன டிகோடர். மூன்றுக்கும் ஒரே எண், ஒரே ரயிலாக நடக்க வேண்டும் என்பதால். தலைமயிர் பருமன் கம்பியை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மடித்து, ஜன்னல் வழியே பார்த்தாலும் தெரியாதபடி கொண்டுபோனேன். அந்த மடிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. எங்கள் தொழிற்சாலையில் அதைச் செய்யக்கூடியவர்கள் இரண்டு பேர். இன்னொருவர் ஓய்வுபெற்றுவிட்டார்.

வீட்டில் நீளமான தண்டவாளம் இல்லை. ஒரு பெட்டி நிற்கிற அளவுக்கு ஒரு துண்டு மட்டும். ஒவ்வொரு பெட்டியையும் அதில் வைத்து, கண்ட்ரோலரில் முன்னே போ என்று அழுத்தி, முகப்பு வெள்ளையாக எரிகிறதா, பின்னே போ என்றால் சிவப்பாக எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. தாளில் சரி போட்டேன்.

அந்த ஞாயிறு நானும் போக வேண்டியதாயிற்று. இவருக்கு விடுமுறை, தன் மகிழுந்தில் போகிறார், “வந்து பாயைப் பார்த்துட்டாவது வா,” என்றார்.

“நீங்க மேல போங்க. நான் கீழே ஒரு தே ஓ குடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.”

“உன் ரயிலை நீ பார்க்க வேணாமா?”

“ரெண்டு மாசமா பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்.”

கீழே மூலை மேசையில், பால் இல்லாத அந்தத் தேநீரோடு உட்கார்ந்தேன். பாய் வெளியே வந்து, “தங்கச்சி, மேல வாம்மா,” என்றார். நேரில் பார்த்தால் குள்ளமான, வேகமான மனிதர். நான் தலையசைத்தேன், எழவில்லை. அவர் வற்புறுத்தவில்லை. என் கணவர் ரயில் உறையைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். மாடியில் காலடிச் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம். பிறகு அமைதி. பிறகு ஒரு பெரிய சிரிப்பு.

நல்ல சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிப்பு நிற்கவில்லை. யாரோ ஒருவர் மலாயில், “டுவா கெப்பாலா லா!” என்று கத்தினார். இரண்டு தலையாம். என் கணவர் படிக்கட்டில் பாதி இறங்கி வந்து, கைப்பிடியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“ரெண்டு பக்கமும் வெள்ளை எரியுது.”

“என்னங்க?”

“முன்னாடியும் வெள்ளை, பின்னாடியும் வெள்ளை. பின்னாடி போன்னா ரெண்டும் சிவப்பு. அந்த இஞ்சினியர் வயரை மாத்தி வச்சிட்டாங்கன்னு சொல்றாரு. கடைசிப் பெட்டியைத் திறக்கப் போறாரு, ஸ்க்ரூட்ரைவர் எடுத்தாச்சு.”

என்ன செய்தேன் என்று அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. தொழிற்சாலையில் தட்டில் வைக்கிற எல்லா போர்டுக்கும் மூலையில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு எப்போதும் இடது மேல் மூலையில்தான் இருக்க வேண்டும். ஒன்று திரும்பியிருந்தாலும் லைன் லீடர் தட்டையே திருப்பி அனுப்புவார். இருபத்திரண்டு வருடத்தில் அது எனக்குள் ஊறிவிட்டது. வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாக்களின் மூடிகள்கூட ஒரே பக்கம் பார்த்துத்தான் இருக்கும். ஓட்டுநர் பெட்டி இரண்டையும் நான் மூக்கு இடது பக்கம் இருக்கும்படி வைத்தே சோதித்தேன். இரண்டும் தாங்கள்தான் முதல் பெட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. ரயிலில் கோத்தால் ஒன்று மறுபக்கம் பார்க்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. முன்பு செய்த ஐந்தும் தனி எஞ்சின்கள். அவற்றில் இந்தப் பிரச்சினை கிடையாது.

கம்பியில் தப்பு இல்லை. அந்த மனிதர் பெட்டியை எந்தப் பக்கமிருந்து நெம்புவார் என்றும் தெரிந்தது. எல்லோரும் முகப்புப் பக்கம்தான் நெம்புவார்கள். என் கம்பி அங்கேதான் மடிந்திருக்கிறது. நெம்பினால் கம்பி மட்டும் போகாது, பற்றோடு சேர்ந்து டிகோடரின் செம்பையும் உரித்துக்கொண்டு வரும்.

“திறக்க வேணாம்னு சொல்லுங்க.”

“நான் சொன்னா கேப்பாங்களா? ஏன்னு கேட்டா எனக்கு என்ன தெரியும்?”

படியேறினது நினைவில் இல்லை. மாடி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான் தெரியும். ஏழெட்டுப் பேர். கண்ணாடி போட்ட ஒருவர் கையில் என் பெட்டி கவிழ்ந்திருந்தது, மறுகையில் ஸ்க்ரூட்ரைவர்.

“தொடாதீங்க!”

என் குரல்தான். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். கண்ணாடிக்காரர், அவர்தான் இஞ்சினியர், அப்படியே நின்றார்.

“இதுதாங்க எங்க தங்கச்சி,” என்றார் பாய். அவர் முகம் சிவந்திருந்தது. நண்பர்கள் முன்னால் சிரிப்புக்கு ஆளாகியிருந்தார், ஆனாலும் என்னைக் குறை சொல்லவில்லை.

“அக்கா, வயர் மாறிப்போச்சு,” என்றார் இஞ்சினியர், மரியாதையாகத்தான். “ரெண்டு நிமிஷ வேலை. திறந்து மாத்திடறேன்.”

“வயர் மாறல. எண்ணு மாறணும். திறக்க வேணாம்.” கையை நீட்டினேன். அவர் பாயைப் பார்த்தார். பாய் தலையசைத்தார். பெட்டி என் கைக்கு வந்தது.

எட்டுப் பெட்டியும் ஒரே தண்டவாளத்தில் இருந்தால் நான் சொல்வதை மூன்று டிகோடரும் கேட்டுக்கொள்ளும். “மத்த எல்லாத்தையும் எடுத்துடுங்க, பாய். தண்டவாளத்துல ஒண்ணும் இருக்கக் கூடாது,” என்றேன். பாய் ஒவ்வொன்றாக எடுத்து உறைக்குள் வைத்தார். மூலையில் உட்கார்ந்திருந்த சீன முதியவர், அவர்தான் இரண்டு தலை என்று கத்தியவர், எழுந்துவந்து எஞ்சின்களை நகர்த்த உதவினார். கடைசிப் பெட்டியை மட்டும் தண்டவாளத்தில் வைத்தேன்.

கண்ட்ரோலரை வாங்கினேன். ரயிலைக் கூப்பிடுகிற எண்ணைத் தவிர, பெட்டியின் திசையைச் சொல்கிற இன்னோர் எண்ணும் டிகோடருக்குள் உண்டு; அது ஆறு என்று இருந்தது. அதை ஏழு என்று மாற்ற வேண்டும். ஆறு என்றால் நீ முன்னே பார்க்கிறாய். ஏழு என்றால் நீ பின்னே பார்க்கிறாய். அழுத்தினேன்.

திரையில் பிழை என்று வந்தது.

“அலமாக்,” என்று உச்சுக்கொட்டினார் யாரோ.

“பார்த்தீங்களா, டிகோடரே போயிருச்சு,” என்றார் இஞ்சினியர். “பாய், அன்னைக்கே சொன்னேன்ல.”

பாய் கைலி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முன்பு மூன்று வாரக்கடைசிகள் என்று சொன்னேனே, அது இந்த ஓரப் பெட்டிகளுக்கு எண் கொடுத்தபோது வந்த இதே பிழைதான். அன்றைக்கு நானும் டிகோடர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நல்ல டிகோடர் ஒன்றைக் கழற்றி, வேறு வைத்து, அதுவும் போய்விட்டது என்று அழாத குறை. பிறகுதான் புரிந்தது.

“போகல,” என்றேன். குரல் நடுங்கியது, நிறுத்தவில்லை. “எண்ணை எழுதினா, எழுதிட்டேன்னு சொல்ல டிகோடர் மோட்டாரை ஒரு இழுப்பு இழுத்துக் காட்டும். கண்ட்ரோலர் அந்த இழுப்புக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கு. இந்தப் பெட்டியில மோட்டார் இல்லை, வெறும் விளக்குதான். இழுக்கத் தெம்பு கிடையாது. பதில் வரலைன்னதும் கண்ட்ரோலர் பிழைன்னு போட்டுடுது. ஆனா எழுதினது எழுதினதுதான்.”

இஞ்சினியர் எதையோ கணக்குப் போடுவதுபோல மேலே பார்த்தார். “லைட்டுக்கு எவ்வளவு கரண்ட் போகும்...” என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர், “ஆமா. பத்தாது,” என்றார்.

“எல்லாத்தையும் மாட்டலாமா?” என்றேன்.

பாய் மாட்டினார். அவர் அவசரத்தில் ஒரு பெட்டி தண்டவாளத்தில் உட்காரவில்லை, நான் பிடித்து உட்கார வைத்தேன். எட்டும் கோத்தாகிவிட்டது. முன்னே போ என்று அழுத்தினேன்.

முதல் பெட்டியில் வெள்ளை. ஜன்னல்களில் இளமஞ்சள். ரயில் மெதுவாக நகர்ந்து, வளைவில் திரும்பி, தன் பின்பக்கத்தைக் காட்டியது. கடைசிப் பெட்டியில் இரண்டு சிவப்புப் புள்ளி. நிறுத்தினேன், விளக்கு எதுவும் அணையவில்லை. பின்னே போ என்றேன். சிவப்பு வெள்ளையானது, வெள்ளை சிவப்பானது.

பாய் படிக்கட்டுக்கு ஓடி, “எல்லாருக்கும் தே தாரிக் போடுப்பா!” என்று கீழே பார்த்துக் கத்தினார். கீழே யாரோ, “எத்தனை பாய்?” என்றார்கள். “எத்தனைன்னு கேக்காத, போடு!” அந்தச் சத்தத்தில்தான் அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்று எனக்குத் தெரிந்தது.

“எப்படிக்கா எண்ணுதான் காரணம்னு பார்க்காமயே கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார் இஞ்சினியர்.

“கண்டுபிடிக்கல. தப்பு பண்ணினதே நான்தான்.” மூக்கு இடது பக்கம் வைத்துச் சோதித்ததைச் சொன்னேன். லைன் லீடரைச் சொன்னேன். சிரித்தார்கள். இந்த முறை நானும் சிரித்தேன். என் கணவர் கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வெளியே நான் இவ்வளவு பேசி அவர் பார்த்தது இதுதான் முதல் தடவை.

“திறந்தா என்ன ஆயிருக்கும்?” என்றார் இஞ்சினியர்.

“காட்டுறேன்.”

கடைசிப் பெட்டியை எடுத்தேன். முகப்புப் பக்கம் தொடாமல், கொக்கி இருக்கிற பக்கம் இரண்டு நகத்தையும் நுழைத்து, மேலே தூக்காமல் பின்னால் நகர்த்தினேன். கூடு கழன்று வந்தது. மேசையில் வைத்தேன். தலைகள் குனிந்தன. யாரோ கைப்பேசி வெளிச்சத்தைப் போட்டார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் போகிற கம்பியின் மடிப்பு, டிகோடரின் ஓரத்தில் வரிசையாக நின்ற பற்றுகள். எல்லாம் வழவழவென்று, ஒரே அளவில், ஒன்றில்கூட மேடு இல்லாமல். இஞ்சினியர் கையில் இருந்த ஸ்க்ரூட்ரைவரைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சீன முதியவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பூதக்கண்ணாடி மாதிரிப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் மலாயில், இதை இயந்திரம் செய்ததா என்று கேட்டார்.

“தாங்கான்,” என்றேன். கை என்று சொல்லி, என் வலது கையை நீட்டிக் காட்டினேன். அவர் கையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். நான் அதை உடனே மடக்கிக்கொள்ளவில்லை.